ஒரு மாதக் குழந்தையின் முகத்தில் ஒரு சிவப்பு

பிறந்தபோது முகம் சுத்தமாக இருந்தது. தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்த அன்றும் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. இருபது, இருபத்தைந்து நாளுக்குப் பிறகு குளிப்பாட்டும்போது பாட்டிதான் முதலில் பார்க்கிறார்: மேலுதட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. கொசுக்கடி என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறார். அடுத்த வாரம் அது மிளகு அளவாகிறது. அதற்கடுத்த வாரம் தடித்து, மேடாகி, உதட்டையே ஒரு பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, அந்த நேரத்தில் உடம்பைச் சொறிந்தாளா என்று விசாரணை மொத்தமும் பெற்றவள் பக்கம் திரும்பும்.

முதலில் அந்தச் சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிடலாம். தாய் பார்த்ததாலோ, சாப்பிட்டதாலோ, சொறிந்ததாலோ இது வருவதில்லை. நூறு கைக்குழந்தைகளில் நாலைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கு அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் இன்னும் அதிகம். பிள்ளை பெற்ற உடம்போடு ராத்திரியெல்லாம் கண்விழிக்கும் ஒருத்தியின் தலையில் இந்தப் பழியையும் ஏற்றி வைப்பது கொடுமை. வேறு எதை மறந்தாலும் இதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதன் மருத்துவப் பெயர் ஹீமாஞ்சியோமா. ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் உண்டாகும் கட்டி. கட்டி என்றதும் பதற வேண்டாம், இது புற்றுநோய் அல்ல. ஆனால் குழந்தையின் முகத்திலும் வாயிலும் சிவப்பாகவோ நீலமாகவோ தெரிவதெல்லாம் ஹீமாஞ்சியோமாவும் அல்ல. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பல வருடங்களுக்கு மருத்துவர்களே எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் அழைத்துவந்தார்கள். 1982இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் முல்லிக்கன், ஜூலி குளோவாக்கி இருவரும் இவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, செல்கள் பெருகி வளரும் கட்டி. இன்னொன்று, கருவில் ரத்தக்குழாய்களோ நிணநீர்க் குழாய்களோ உருவாகும்போதே வடிவம் தப்பிப்போன பிறவிக் கோளாறு. முதலாவது வேகமாக வளர்ந்து, பிறகு தானாக அடங்கும். இரண்டாவது அடங்காது, பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளரும்.

ஆகவே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “பிறக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா?” என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது, “பிள்ளையைவிட வேகமாக வளர்கிறதா?” இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவை போனிலிருந்து அழிக்காதீர்கள். சிவப்பு தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு படம், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில ஹீமாஞ்சியோமாக்கள் பிறக்கும்போது வெளிறிய திட்டாக மட்டும் இருக்கும். பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகள்தான். அந்தப் பளீர்ச் சிவப்பு நம் பிள்ளைகளிடம் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியலாம். தோலுக்கு அடியில் ஆழமாக இருந்தால் சிவப்பே இருக்காது, நீலம் பாய்ந்த வீக்கம் மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்; குழந்தைக்கு ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை.

இப்போது, பெற்றோர் எல்லோரும் கேட்டிருக்கும் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்: “ஒண்ணுமில்லம்மா, தானாப் போயிடும்.” பொய் இல்லை. ஹீமாஞ்சியோமா ஒரு வயதை ஒட்டி நிறம் மங்கத் தொடங்கி, பெரும்பாலானவர்களுக்கு நாலு வயதுக்குள் அடங்கிவிடும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் காத்திருப்பதே நல்ல வைத்தியம். ஆனால் முகத்திலும் வாயிலும் இருக்கும் கட்டிக்கு அந்த வாக்கியத்தை அப்படியே சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் அதன் காலக்கணக்கு. பெற்றோர் எடுத்த போட்டோக்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஐந்தரை வாரத்திலிருந்து ஏழரை வாரம் வரைதான் இது மிக வேகமாக வளர்கிறது என்று தெரிந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் தன் முழு அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. “மூணு மாசம் பார்த்துட்டு வாங்க” என்று அனுப்பினால், திரும்பி வரும்போது நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்தான இடத்தில் இருக்கும் கட்டியை ஒரு மாத வயதுக்குள்ளேயே நிபுணரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

ஆபத்தான இடம் எது? கண்ணிமையில் இருந்தால், கட்டி கண்ணை மறைப்பதாலோ விழியை அழுத்துவதாலோ அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். பிறகு கட்டி கரைந்தாலும் பார்வை திரும்புவது கடினம். மூக்கு நுனியில் இருந்தால் குருத்தெலும்பு சிதைந்து மூக்கின் வடிவம் மாறும். நெற்றியிலோ கன்னத்திலோ பெரிய பட்டையாகப் பரவியிருந்தால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள், இதயம், கண் மூன்றையும் சோதிக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து வருவதை 1996இல் இலோனா ஃப்ரீடனும் சகாக்களும் ‘பேஸ்’ என்று பெயரிட்டு விவரித்தார்கள். தாடி வளரும் இடத்தில், அதாவது காதோரம், தாடை, கீழுதடு, கழுத்தின் முன்பக்கம் என்று பரவியிருந்தால், மூச்சுக்குழாய்க்குள்ளும் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கலாம். பிள்ளை மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் சளி என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உதட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். உதடு எந்நேரமும் நனைந்திருக்கும் இடம். பால், எச்சில், உறிஞ்சும்போது படும் உராய்வு என்று ஓயாமல் ஏதாவது ஒன்று பட்டுக்கொண்டே இருப்பதால் உதட்டுக் கட்டி எளிதில் புண்ணாகிவிடும். புண்ணாகப் போவதற்கு ஓர் அடையாளம் உண்டு: மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் கட்டி, நல்ல சிவப்பாக இருந்தது, நடுவில் வெளிறிச் சாம்பல் நிறமாகும். கட்டி வாடுகிறது, நல்ல சகுனம் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த வயதில் அது வாடல் அல்ல, தோல் கிழியப்போவதற்கான அறிகுறி. கிழிந்த பிறகு வலி தாளாமல் பிள்ளை மார்பில் வாய் வைக்காது. பசிக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், வீறிட்டு விலகும். பால் இறங்காததால் எடையும் இறங்கும். ஆறும்போது தழும்பு விழும், உதட்டின் விளிம்புக் கோடு கலைந்துபோகும். பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் வாசலின் தடவுவது உராய்வைக் குறைக்கும். ஆனால் புண் வந்துவிட்டால் அது வீட்டு வைத்தியத்தில் நிற்கிற விஷயம் அல்ல.

சரி, மருந்து என்ன? 2008 வரை கையில் இருந்த பெரிய ஆயுதம் ஸ்டீராய்டுதான். மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் உப்பும், ரத்த அழுத்தம் ஏறும், வளர்த்தி தடைப்படும். அந்த வருடம் பிரான்ஸில் போர்தோ நகரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே மூக்கில் ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்தைக் காப்பாற்ற ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால், செக்கச்செவேலென்று இருந்த கட்டி ஊதா நிறமாக மாறி, தொட்டால் மெத்தென்று ஆகியிருந்தது. தோல் மருத்துவர் கிறிஸ்டின் லெயோதே-லாப்ரெஸ் இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. பெற்றோர் சம்மதத்தோடு இன்னும் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மொத்தம் 11 குழந்தைகளின் விவரத்தை அந்த ஜூன் மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவரும் சகாக்களும் ஒரு சின்னக் கடிதமாக வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் வைத்தியமே மாறிப்போனது. 2015இல் அதே இதழில் வந்த பெரிய ஆய்வில் 460 குழந்தைகள். எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் வாங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்தது. போலி மருந்து வாங்கியவர்களில் அது 4 சதவீதம்தான்.

இத்தனைக்கும் இது புது மருந்து அல்ல. 1960களில் ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடித்தது. அவருக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரை. மலிவாகக் கிடைப்பதே ஓர் ஆபத்தும்கூட. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. இது இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சிரைப்பு இருக்கும் குழந்தைக்கு அதைக் கூட்டும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ரத்தச் சர்க்கரை இறங்குவதைத்தான். வயிறு காலியாக இருக்கும்போது இந்த மருந்து உள்ளே போனால், சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பைக்கூட அது மறைத்துவிடும். அதனால் பால் கொடுக்கும்போதோ கொடுத்த உடனேயோதான் மருந்து. பிள்ளை வாந்தி எடுத்தாலோ, பேதி ஆனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விட்ட வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது. பிள்ளை துவண்டு, வியர்த்து, எழுப்பினால் எழாமல் கிடந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு. கை கால் ஜில்லிடுவதும் தூக்கம் கெடுவதும் சகஜம், அவற்றுக்குப் பதற வேண்டியதில்லை.

அளவில் ஒரு எச்சரிக்கை. சீட்டில் மில்லிகிராம் என்று எழுதியிருப்பார்கள், வீட்டில் மில்லிலிட்டர் என்று அளந்துவிடுவார்கள். மருந்து சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று டாக்டரிடமே பேனாவால் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதா மாதம் எடை கூடும்போது அளவும் மாறும். குறைந்தது ஆறு மாதம். பெரும்பாலும் ஒரு வயது வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்க வேண்டிவரும். நன்றாகச் சுருங்கிவிட்டது என்று அவசரப்பட்டு நிறுத்தினால் திரும்பப் புடைக்கலாம். மெல்லிய, மேலாக இருக்கும் சின்னத் திட்டுக்குக் கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமலால் சொட்டுமருந்தையே தோலில் தடவச் சொல்வார்கள். புண்ணின் மேலோ வாய்க்குள்ளோ அதைத் தடவக் கூடாது. அங்கே அது நேராக ரத்தத்தில் கலந்துவிடும். எல்லாம் அடங்கிய பிறகு தொளதொளப்பான தோலோ கொழுப்புத் திரட்சியோ மிஞ்சினால், மூன்று நாலு வயதில், பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்து பிள்ளை கண்ணாடியைப் பார்த்துக் கூசத் தொடங்கும் முன்பு, அறுவை சிகிச்சையில் உதட்டைச் சீர்செய்யலாம்.

இனி இரண்டாவது குடும்பம், அதாவது பிறவிக் கோளாறுகள். பிறந்த அன்றே முகத்தின் ஒரு பக்கம் தட்டையாக, திராட்சை ரசம் கொட்டிய நிறத்தில் படர்ந்திருக்கும் கறை, ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வருவது. (பிறந்த குழந்தைகளின் இமையிலும் புருவ நடுவிலும் தெரியும் இளஞ்சிவப்பு வேறு, அது ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும்.) இந்தக் கறைக்குக் காரணம் ஜிஎன்ஏக்யூ என்ற ஒரே ஜீனில், கரு உருவான பிறகு நேரும் ஒரு சிறு மாற்றம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் வழியாக வந்தது அல்ல, அடுத்த பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நெற்றியிலும் மேலிமையிலும் கறை இருந்தால் கண் அழுத்தத்தையும் வலிப்பு வரும் வாய்ப்பையும் கவனிக்க வேண்டும். மேல்தாடைப் பகுதியில் இருந்தால் வருடங்கள் போகப் போக உதடு தடிக்கும், அந்தப் பக்க ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம் வரும். பல்ஸ்ட் டை லேசர் கறையை வெளுக்க வைக்கும். பல தடவை செய்ய வேண்டும், முழுதாகப் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மாநிறத் தோலின் நிறமியும் அந்த ஒளியை வாங்கிக்கொள்வதால், நம் பிள்ளைகளுக்கு இதைச் செய்து பழகிய கைதான் வேண்டும்.

உதட்டிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ நாக்கிலோ நீல நிறத்தில் மெதுமெதுவென்று ஒரு புடைப்பு; அழுத்தினால் அமுங்கும், விட்டால் நிறையும், பிள்ளை அழும்போதும் தலையைத் தொங்கப்போடும்போதும் பெரிதாகும் என்றால் அது சிரைக் கோளாறு. இதற்கு ப்ரோப்ரனலால் பயன்படாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக உள்ளே மருந்து செலுத்தி, அந்தக் குழாய்களை ஒட்டிச் சுருங்கவைப்பார்கள். இரண்டு மூன்று தடவையோ அதற்கு மேலுமோ ஆகலாம்; போட்ட சில நாளுக்கு வீக்கம் கூடும், பிறகு வடியும். நாக்கிலும் தொண்டை அருகிலும் இருந்தால் அந்த வீக்கமே மூச்சை அடைக்கலாம் என்பதால், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். ஆனால் வாயில் நீலமாகத் தெரிவதெல்லாம் இது என்று கலங்கவும் வேண்டாம். கீழுதட்டின் உள்ளே திடீரென்று வரும் நீலக் கொப்புளம் பெரும்பாலும் பல் கடித்து உமிழ்நீர் தேங்கியது. பல் முளைக்கும் இடத்தில் ஈறு ஊதா நிறமாக வீங்கினால், பல் வெளியே வந்ததும் அதுவே வடிந்துவிடும். எதுவானாலும் வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள்.

நிணநீர்க் குழாய்க் கோளாறு நாக்கைத்தான் அதிகம் பாடுபடுத்துகிறது. நாக்கின் மேல் ஊசித்தலை அளவில் தெளிந்த நீர்க் கொப்புளங்கள் நெருக்கமாக இருக்கும், அவற்றினிடையே ரத்தம் கசிந்த கறுப்புப் புள்ளிகளும். சாதாரணத் தொண்டைச் சளி வந்தாலே நாக்கு வீங்கி வாய்க்கு வெளியே தள்ளும். பேச்சு, சாப்பாடு, பல்வரிசை, தாடை எலும்பு எல்லாம் அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். பெரிய நீர்ப்பைகள் ஊசி மருந்துக்குச் சுருங்கும். பொடிப்பொடியாக இருப்பவைதான் சவால். அவற்றுக்கு இப்போது சிரோலிமஸ் கைகொடுக்கிறது. ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து, இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேன் சேகலின் குழு பிரித்தெடுத்த மருந்து. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தான் முதலில் பயன்பட்டது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வாய்ப்புண்ணும் வரும். ஆனால் அறுவை சிகிச்சையில் தீராத பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

அரிதானது, ஆனால் உயிரைக் குடிக்கக்கூடியது தாடை எலும்புக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட கோளாறு. பத்துப் பன்னிரண்டு வயதில், சொத்தை இல்லாத ஒரு பல் ஆடுகிறது; அதைச் சுற்றி ஈற்றிலிருந்து ரத்தம் கசிகிறது; கன்னம் மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது; விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறது. பல் ஆடுகிறதே என்று பிடுங்கினால் நிறுத்த முடியாத ரத்தப்போக்கு. அப்படி நேர்ந்தால் பல் டாக்டர் செய்யக்கூடிய முதல் காரியம், பிடுங்கிய பல்லையே திரும்பக் குழிக்குள் வைத்து அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸை அழைப்பதுதான். கழுத்துத் தமனியைக் கட்டிவிடுவது தீர்வல்ல; சுற்றுவழியில் ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும், பிறகு வைத்தியம் செய்ய வேண்டிய பாதையும் அடைபட்டுவிடும். முறையான வழி, தொடையிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்திக் கோளாறை உள்ளிருந்தே அடைத்துவிட்டு, தேவைப்பட்டால் சில நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வது. காரணம் தெரியாமல் ஆடும் பல்லுக்கு முதலில் ஓபிஜி எக்ஸ்ரே. சந்தேகம் வந்தால் சிடி ஆஞ்சியோ. அதற்கு முன்னால் குறடு பல்லைத் தொடக் கூடாது.

கடைசியாக, வாயில் எந்தக் கோளாறு இருக்கும் பிள்ளை வீட்டிலும் நடக்கும் ஒன்று. தேய்த்தால் ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறார்கள். அழுக்குப் படிந்து ஈறு இன்னும் வீங்குகிறது, ரத்தம் இன்னும் அதிகமாக வருகிறது, பல் சொத்தையாகிறது, பிடுங்க வேண்டியதாகிறது. இந்தப் பிள்ளைக்குப் பல் பிடுங்குவது சாமானிய வேலையும் அல்ல. மிக மென்மையான பிரஷ்ஷால், ரத்தம் கொஞ்சம் கசிந்தாலும், இரண்டு வேளையும் தேய்த்துவிடுங்கள். முதல் பல் வந்ததுமே குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் காட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருக்கும் ஃபைலை அங்கேயும் கையோடு எடுத்துப் போங்கள், மரத்துப்போகும் ஊசியை எங்கே போடலாம், எங்கே கூடாது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.